மீன் இல்லாத மிசோ சூப்: எந்தத் தண்ணீரில் தொடங்குவது?

டோக்கியோவில் நாங்கள் குடியேறிய முதல் பிப்ரவரியில் எனக்கு மூன்று நாள் விடாத காய்ச்சல். நான்காம் நாள் காலையில் பக்கத்து வீட்டுப் பாட்டி, மூடி போட்ட மரக்கிண்ணம் ஒன்றை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "மீன் சேர்க்கவில்லை. காளானும் கடற்பாசியும்தான். கோயில்களில் இப்படித்தான் வைப்பார்கள்" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். மூடியை எடுத்தேன். உள்ளே மிசோ என்ற சோயா விழுது தெளிந்து அடியில் ஒதுங்கியிருந்தது. சூடு கீழிருந்து எழ எழ அது ஐப்பசி மேகம் போலத் திரண்டு மேலே வந்தது. கிண்ணத்தின் ஓரத்தில் மடங்கி மறுபடியும் அடிக்கு இறங்கியது. நான்கு துண்டு டோஃபு, அதாவது சோயாப் பன்னீர், கொஞ்சம் வகாமே என்ற பச்சைக் கடற்பாசி, அவ்வளவுதான். எதை வாயில் வைத்தாலும் கசந்துகொண்டிருந்த நாக்கு, முதல் மிடறிலேயே விழித்துக்கொண்டது.

அந்த ருசியை என் வீட்டு அடுப்பில் கொண்டுவர எனக்கு இரண்டு குளிர்காலம் பிடித்தது. விலை உயர்ந்த மிசோ வாங்கு என்றார்கள் சிலர். பொட்டலத்தில் வரும் தூளைக் கரைத்தால் போதும் என்றார்கள் சிலர். கொம்பு என்ற கடற்பாசி மட்டும் போதும், காளான் மணம் சூப்பைக் கெடுத்துவிடும் என்று சொன்னவர்களும் உண்டு. எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். சைவ உணவுக்காரர்களும், பாலையும் தவிர்க்கும் நனிசைவர்களும் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியும். மிசோவைத் தேர்ந்தெடுப்பது இரண்டாவது வேலை. தண்ணீரைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை.

ஏன் தண்ணீர்? மிசோ என்பது சோயாவை அவித்து, உப்பும் கோஜியும் கலந்து, மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ புளிக்க வைத்த விழுது. கோஜி என்பது அரிசியிலோ பார்லியிலோ சோயாவிலோ வளர்த்த ஒருவகைப் பூஞ்சணம். மிசோவில் மீனும் இல்லை, பாலும் இல்லை. ஆனால் அதைக் கரைக்கும் நீருக்கு ஜப்பானில் தாஷி என்று பெயர். அந்தத் தாஷிதான் பெரும்பாலான வீடுகளிலும் கடைகளிலும் மீனில் வடிக்கப்படுகிறது. புகையூட்டி உலர்த்திய காட்சுவோ மீனைச் சீவிப் போடுவார்கள். அல்லது நிபோஷி போடுவார்கள், அதாவது நம் ஊர் நெத்திலிக் கருவாட்டின் உறவு. மேலே மிதக்கும் டோஃபுவைப் பார்த்துவிட்டு மிசோ சூப்பைச் சைவம் என்று நம்பிக் குடிப்பவர்கள் ஏராளம்.

மீனை எடுத்துவிட்டால் போவது மணம் மட்டும் அல்ல. 1908-ஆம் ஆண்டு டோக்கியோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த இகேதா கிகுனாயே, கொம்பு என்ற கடற்பாசி ஊறிய நீரில் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்ற எதிலும் அடங்காத ஒரு சுவை இருப்பதைக் கவனித்தார். அதற்குக் காரணமான குளூட்டாமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டே அது உப்பு வடிவில் கடைக்கு வந்தது. நம் ஊரில் அஜினோமோட்டோ என்றே பெயராகிவிட்ட வெள்ளைப் பொடி அதுதான். 1913-இல் இகேதாவின் மாணவர் கொதாமா ஷிந்தாரோ, காட்சுவோ மீனில் இருப்பது வேறொரு பொருள், இனோசினிக் அமிலம் என்று கண்டார். பிறகு 1957-இல் குனினாகா அகிரா, உலர்ந்த ஷீட்டாகே காளானின் சுவைக்கு உரிய குவானிலிக் அமிலத்தை அடையாளம் காட்டினார். கடற்பாசியின் உமாமியோடு மீனுடையதோ காளானுடையதோ சேரும்போது சுவை கூடுவதில்லை, பெருகுகிறது என்பதையும் அவர்தான் எடுத்துக்காட்டினார்.

பாட்டியின் கிண்ணத்துக்கு விளக்கம் இதில் இருக்கிறது. மீன் சூப்பில் கடற்பாசி தரையைப் போடுகிறது, மீன் சுவரை எழுப்புகிறது. மீனை நீக்கிவிட்டுக் கடற்பாசியோடு நின்றால் தரை மட்டும் இருக்கும். அந்த இடத்தில் சுவரை எழுப்ப இன்னொன்று வேண்டும்.

இனி ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம். முதலில், வேண்டாம் என்று நான் ஒதுக்கிவிட்ட வழி: தாஷி ஏற்கெனவே கலந்து விற்கும் மிசோ. டப்பாவின் முகப்பில் 'தாஷி இரி' என்று எழுதியிருக்கும். வெந்நீரில் கரைத்தால் சூப் தயார். அவசரத்துக்கு இதைவிட எளிது எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தாஷி பெரும்பாலும் மீன் சாறுதான். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத முதல் ஆண்டில் ஏறக்குறைய எட்டு மாதம் நான் அப்படி ஒரு மிசோவைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன். எழுத்து கற்றுக்கொண்ட பிறகு ஒரு நாள் டப்பாவின் பின்பக்கத்தில் காட்சுவோ என்று படித்தபோது வயிறு கலங்கிவிட்டது. ஆகவே கடையில் எதை எடுத்தாலும் பின்பக்கத்தைப் பாருங்கள். சோயா, அரிசி அல்லது பார்லி, உப்பு, இந்த மூன்றுக்கு மேல் அதிகம் இல்லாத மிசோவே நமக்கு ஏற்றது. கொம்புத் தூள் என்று பொட்டலத்தில் வருவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பெயரில் கடற்பாசி இருந்தாலும் உள்ளே மீன் சாறு கலந்தவை உண்டு. கலக்காதவற்றிலும் உப்பும் சர்க்கரையும் தாராளமாக இருக்கும். பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம், வீட்டுக்கு வேண்டாம்.

இரண்டாவது வழி, கொம்பு மட்டும். பெயரைக் கேட்டதும் மாட்டுக் கொம்பு நினைவுக்கு வரும். இது கரும்பச்சை நிறத்தில், தோல் வார் போல உலர்த்தி மடித்து விற்கும் கடற்பாசி. ஜப்பானில் விளைவதில் பெரும்பகுதி வடக்கே ஹொக்காய்டோ கரையில் கிடைக்கிறது. கோடையில் அறுத்துக் கூழாங்கல் பரப்பிய திடலில் காயவைப்பார்கள். ஷோகன்கள் என்ற படைத்தலைவர்கள் ஆண்ட எடோ காலத்தில் வணிகக் கப்பல்கள் அதை ஜப்பான் கடல் வழியாக ஒசாகா வரை கொண்டுவந்தன. ஒசாகா, கியோட்டோ சமையலில் கொம்புக்கு இன்றும் உள்ள மதிப்பு அந்தக் கடல் வழியோடு வந்தது. அதன் மேல் வெண்மையாகப் படிந்திருப்பது பூசணம் அல்ல, கடற்பாசியின் உள்ளிருந்து கசிந்து உலர்ந்த இனிப்பு. அதைக் கழுவக் கூடாது. ஈரத்துணியால் லேசாக ஒற்றி எடுத்தால் போதும்.

கொம்பு மட்டும் ஊறிய நீர் மென்மையானது. ஒரு லிட்டருக்கு 10 கிராம் போட்டு இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், காலையில் இளநீரைவிடச் சற்று மஞ்சளாக, கடல் மணத்தோடு இருக்கும். வெள்ளை மிசோவுக்கும் பட்டுப் போன்ற டோஃபுவுக்கும் இது அழகாக ஒத்துப்போகும். ஆனால் சாதாரணச் சிவந்த மிசோவைக் கரைத்தால் நீரின் ருசி அடங்கிப்போய் உப்பும் சோயாவும்தான் மேலே நிற்கும். ஏதோ குறைகிறது என்று இன்னொரு கரண்டி மிசோ போடத் தோன்றும், சூப் கரித்துவிடும். கொம்பு மட்டும் போதும் என்ற ஆலோசனையை நான் கைவிட்டது அதனால்தான்.

மூன்றாவது, கொம்பும் உலர்ந்த ஷீட்டாகேவும் சேர்ந்தது. என் வீட்டில் நிலைத்துவிட்ட வழி இது, பாட்டியின் வழியும் இதுதான். இதில் கஷ்டம் என்று ஒன்றும் இல்லை. கவனம் மட்டும் வேண்டும். காளானை அவசரத்துக்கு வெந்நீரில் ஊறப்போடுபவர்கள் அதிகம். அங்கேதான் காரியம் கெடுகிறது. காளானின் உமாமி அதற்குள் தயாராக உட்கார்ந்திருப்பதில்லை. குளிர்ந்த நீரில் மெதுவாக ஊறி விரிந்த பிறகு, 60 முதல் 70 டிகிரி வரையிலான சூட்டை அது கடக்கும்போதுதான் அதற்குள் இருக்கும் நொதி வேலைசெய்து குவானிலிக் அமிலத்தை உண்டாக்குகிறது. கொதிக்கும் நீரை எடுத்த எடுப்பில் ஊற்றினால் அந்த நொதி செத்துப்போகும். நிறம் இறங்கும், காட்டமான மணம் வரும், ருசி வராது. காளான் மணம் சூப்பைக் கெடுக்கிறது என்று சொன்னவர்கள் பெரும்பாலும் வெந்நீரில் ஊறப்போட்டவர்கள் என்பது என் எண்ணம்.

நான் செய்வது இதுதான். இரவு பாத்திரம் கழுவி முடித்ததும், ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டியில் 10 கிராம் கொம்பையும் நடுத்தர அளவில் இரண்டு அல்லது மூன்று காய்ந்த காளானையும் போட்டு நீர் நிரப்பிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் நிறுத்திவிடுவேன். முள்ளங்கிக் கீற்று போலச் சுருண்டு கிடந்த கொம்பு, காலையில் கை அகலத்துக்கு விரிந்து புட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். காளான் குடை விரித்திருக்கும். நீர் வைக்கோல் நிறம். எல்லாவற்றையும் அப்படியே பாத்திரத்தில் ஊற்றி, சிறு தீயில் பத்து நிமிடம் போகவிட வேண்டும். தீ சிறிதாக இருந்தால்தான் அந்த 60, 70 டிகிரியை நீர் மெதுவாகக் கடக்கும். ஓரத்தில் கடுகளவு குமிழ்கள் வரத் தொடங்கியதும் கொம்பை எடுத்துவிட வேண்டும். கொதிக்கவிட்டால் வழுவழுப்பும் கசப்பும் இறங்கும். காளான் இன்னும் சில நிமிடம் இருக்கலாம். மேலே வரும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டால் தாஷி தயார். அடுப்படியில் நின்ற நேரம் பத்து நிமிடம். மற்றதெல்லாம் நாம் தூங்கும்போது நடந்துவிட்டது.

தமிழ்நாட்டில் செய்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ஜப்பானின் நீர் பெரும்பாலும் மென்னீர். கியோட்டோ சமையலின் புகழில் அந்த ஊர் நீருக்கும் பங்கு உண்டு. கடினநீரில் கொம்பு தன் சுவையைச் சரியாக விடுவதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரில் செய்துவிட்டுக் கொம்பைக் குறை சொல்ல வேண்டாம். கேன் தண்ணீரோ வடிகட்டிய நீரோ பயன்படுத்துங்கள். ஊறும் புட்டி இரவெல்லாம் மேடையில் நிற்கக் கூடாது, நம் வெக்கையில் கெட்டுவிடும். குளிரில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். சென்னையில் கொரியப் பொருள் விற்கும் கடைகளில் தாஷிமா என்ற பெயரில் கிடைப்பதும் இந்தக் கடற்பாசிக் குடும்பம்தான், தயங்காமல் வாங்கலாம்.

கொம்பிலேயே வகைகள் உண்டு. ரிஷிரித் தீவைச் சுற்றி விளைவது தெளிந்த, அடக்கமான சாறு தரும். ரௌசுக் கரையில் விளைவது கனமானது, நீரையே மஞ்சளாக்கிவிடும். ஹிதாக்கா வகை விலை குறைவு, சீக்கிரம் வேகும், அப்படியே சமைத்துச் சாப்பிட ஏற்றது. தினசரி சூப்புக்கு ஹிதாக்காவே போதும் என்று பலர் சொல்வார்கள். மீன் இல்லாத சூப்பில் எனக்கு அது போதவில்லை. பணம் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கத் தோன்றினால் மிசோவில் செலவழிக்காமல் கொம்பில் செலவழியுங்கள்.

வறுத்த சோயாவைச் சேர்ப்பது இன்னொரு பழைய கோயில் முறை. ஒரு கைப்பிடி சோயாவை வெறும் வாணலியில் தோல் வெடித்துப் பழுப்பேறும் வரை வறுத்து, கொம்போடு ஊறப்போட வேண்டும். பொட்டுக்கடலையை நினைவூட்டும் மணமும் மெல்லிய இனிப்பும் வரும். காளான் பிடிக்காதவர்களுக்கு இது சரியான மாற்று. காளான் அளவுக்கு ஆழம் இல்லை, ஆனால் குழந்தைகள் விரும்பிக் குடிக்கிறார்கள்.

நான்காவது வழியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அது முற்றிலும் வேறு குணம் கொண்டது. டோக்கியோவுக்குத் தெற்கே காமாகுராவில் கென்சோஜி என்ற ஜென் பௌத்த மடம் இருக்கிறது; 1253-இல் தொடங்கப்பட்டது. கென்சின்ஜிரு என்ற காய்கறிச் சூப் அந்த மடத்துச் சமையலறையில் பிறந்தது என்பார்கள். பயிற்சித் துறவி ஒருவர் டோஃபுவைத் தரையில் போட்டு உடைத்துவிட, மடத்தைத் தொடங்கிவைத்த சீனத் துறவி அந்தத் துண்டுகளைக் கழுவிச் சூப்பில் போட்டார் என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. இன்றும் அந்தச் சூப்பில் டோஃபுவைக் கத்தியால் வெட்டாமல் கையால் உதிர்த்துத்தான் போடுகிறார்கள்.

இதில் ருசி எண்ணெயிலிருந்து தொடங்குகிறது. முள்ளங்கி, கேரட், கோபோ என்ற நார்க்கிழங்கு, சேப்பங்கிழங்கு ஆகியவற்றைத் துண்டாக்கி எள்ளெண்ணெயில் நன்றாக வதக்கி, பிறகுதான் நீர் ஊற்றுவார்கள். ஜப்பானிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. நம் நல்லெண்ணெயைவிட மணம் பல மடங்கு தூக்கலாக இருக்கும், ஒரு மேசைக்கரண்டி போதும். கென்சின்ஜிருவுக்கு வழக்கமாகச் சோயா சாஸ்தான் சுவை சேர்க்கும். மிசோ கரைக்கும் வீடுகளும் உண்டு. மிசோ கரைத்ததைத்தான் நான் விரும்புகிறேன். கொம்பும் காளானும் ஊறிய நீர் இருந்தால் உத்தமம். இல்லாவிட்டால் வெறும் நீரிலும் இந்தச் சூப் நிற்கும் என்பதுதான் இதன் பெரிய பலம். எண்ணெயும் வதங்கிய கிழங்கும் மீன் விட்டுச்சென்ற இடத்தை நிரப்பிவிடுகின்றன. ஆனால் இது கனமான சூப். மதிய உணவாகவே குடிக்கலாம். காய்ச்சல்காரருக்கு ஏற்றதல்ல. முதல் நாள் இரவு புட்டியை நிரப்ப மறந்துவிட்ட நாட்களில் என்னைக் காப்பாற்றுவது இதுதான்.

தாஷியே வேண்டாம், காய்கறி வேகும் நீரே தாஷி என்று வாதிடுபவர்களும் ஜப்பானில் உண்டு. சமையல் அறிஞர் தோய் யோஷிஹாரு அதைப் பல காலமாகச் சொல்லிவருகிறார். வெங்காயம், முட்டைக்கோஸ், தக்காளி போன்றவை நிறைய இருந்தால் அது உண்மை. தக்காளியிலும் குளூட்டாமிக் அமிலம் உண்டு. காய்களைக் குறைத்து, டோஃபு மட்டும் போட்டுச் செய்தால் சூப் வெளிறிவிடும்.

தண்ணீர் முடிவாகிவிட்டால் மிசோவைத் தேர்ந்தெடுப்பது எளிது. நிறத்தைப் பார்த்து மயங்காமல் உப்பின் அளவைப் பார்க்க வேண்டும். கியோட்டோவின் வெள்ளை மிசோவில் கோஜி அதிகம், உப்பு 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், புளிக்கும் காலமும் குறைவு. அதனால் இனிக்கும். அந்த ஊரில் புத்தாண்டுக் காலையில் மோச்சி என்ற ஒட்டும் அரிசி உருண்டையை இந்த மிசோவில்தான் மிதக்கவிடுவார்கள். தினமும் குடிக்க எனக்கு இனிப்பு மிஞ்சுகிறது. நாகானோ மலைப் பகுதியில் செய்யும் ஷின்ஷூ மிசோ இளம்பழுப்பு நிறம், உப்பு 12 சதவீதம் அளவில்; ஜப்பானில் மிசோவை அதிகம் தயாரிக்கும் பகுதியும் அதுதான். எந்தக் காயோடும் சண்டை போடாது. முதன்முதலாக ஒரே ஒரு மிசோ வாங்குகிறவர்கள் இதையே வாங்குங்கள். கியூஷூவின் பார்லி மிசோ தானிய மணமும் இளம் இனிப்பும் கொண்டது. சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பூசணியும் அதில் சிறக்கும். பார்லி என்பதால் குளூட்டன் ஆகாதவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

ஹட்சோ மிசோ தனி இனம். எடோ ஆட்சியைத் தொடங்கிய ஷோகன் தொகுகாவா இயேயாசு பிறந்த ஒகாசாகி கோட்டையிலிருந்து எட்டு 'சோ' தொலைவில், அதாவது ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், இருந்த ஊரின் பெயர் அது. அரிசியும் இல்லை, பார்லியும் இல்லை, சோயாவும் உப்பும் நீரும்தான். ஆளுயரத்தைத் தாண்டிய தேவதாரு மரப் பீப்பாய்களில் நிரப்பி, மேலே ஆற்றுக் கற்களைக் கூம்பாக அடுக்கி, இரண்டு கோடையும் இரண்டு குளிர்காலமும் காத்திருப்பார்கள். கறுத்து, இறுகி, லேசாகக் கசந்து, துவர்த்து வரும் அந்த மிசோ, மற்றவற்றைப் போலக் கொதிக்கவிட்டால் மணம் இழப்பதில்லை. நகோயா பக்கம் அதில்தான் ஊடோன் நூடுல்ஸைக் கொதிக்கக் கொதிக்க வேகவைக்கிறார்கள். இதைத் தனியாகக் கரைத்துக் குடிக்க எல்லாருக்கும் பிடிக்காது. ஷின்ஷூ மூன்று பங்கு, ஹட்சோ ஒரு பங்கு என்று கலந்து பாருங்கள். கத்திரிக்காய் போட்ட சூப்புக்கு அதற்கு நிகர் இல்லை. இரண்டு மிசோவைக் கலப்பது ஜப்பானிய வீடுகளில் பழைய பழக்கம். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் மிசோதான் உயர்ந்தது என்பார்கள். தற்புகழ்ச்சிக்கே அந்த மொழியில் 'தெமாயே மிசோ', அதாவது 'எங்கள் வீட்டு மிசோ' என்று பெயர். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அளவு: இரண்டு கிண்ணத்துக்கு 350 மில்லி தாஷி, ஷின்ஷூ மிசோ 25 கிராம், அதாவது ஒன்றரை மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. கியோட்டோ வெள்ளையாக இருந்தால் இருமடங்கு. இந்தக் கணக்கில் ஒரு கிண்ணத்தில் ஏறக்குறைய ஒன்றரை கிராம் உப்பு சேர்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்தச் சொல்கிறது. ஆகவே மூன்று வேளையும் குடிக்கும் பானம் அல்ல இது. ஒரு வேளைக்கு ஒரு கிண்ணம். காய்களை நிறையப் போட்டுச் சாற்றைக் குறைத்தால் உப்பும் குறையும்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை கொம்பைப் பற்றியது. அதில் அயோடின் மிக அதிகம். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 150 மைக்ரோகிராம். ஒரே ஒரு கிராம் காய்ந்த கொம்பில் அதைப் போலப் பல மடங்கு இருக்கிறது, நீரில் ஊறும்போது அது தாராளமாக இறங்கவும் செய்யும். தைராய்டு கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் கொம்புத் தாஷியைத் தினசரி வழக்கமாக்க வேண்டாம். அவர்களுக்கு வறுத்த சோயாவும் காளானும் மட்டும் ஊறிய நீர், அல்லது எள்ளெண்ணெயில் காய் வதக்கி வெறும் நீரில் செய்த கென்சின்ஜிரு. ருசியில் பெரிதாக ஒன்றும் இழக்க மாட்டார்கள்.

சூப்பில் என்ன போடுவது என்பதற்கு நீண்ட பட்டியல் தேவையில்லை. வேக நேரமாகும் கிழங்குகளைத் தாஷி குளிர்ந்திருக்கும்போதே போடுங்கள், டோஃபுவையும் கீரையையும் கடைசியில் போடுங்கள். உருளைக்கிழங்கும் வெங்காயமும் ஒரு ஜோடி. முள்ளங்கியும் பொரித்த டோஃபுவும் ஒரு ஜோடி. பொரித்த டோஃபு மேல் வெந்நீர் ஊற்றி எண்ணெயை வடித்துவிட வேண்டும். காய்ந்த வகாமே ஊறினால் பத்து மடங்காகும், ஒரு சிட்டிகை போதும் என்பதை முதல் முறை செய்பவர்கள் நம்ப மாட்டார்கள். வெங்காயம், பூண்டு ஒதுக்கும் வீட்டினருக்கு ஒரு செய்தி: ஜென் மடங்களின் சமையலிலும் அவற்றுக்கு இடம் இல்லை. வெங்காயத்தாள் தூவாத மிசோ சூப் குறைபட்ட சூப் அல்ல, பழைய சூப்.

கடைசி ஒரு நிமிடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. காய் வெந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். ஒரு கரண்டியில் கொஞ்சம் தாஷி எடுத்து, அதற்குள் மிசோவை வைத்து, கட்டியில்லாமல் கரைத்து, பாத்திரத்தில் விடுங்கள். மறுபடியும் சிறு தீ. நீரின் முகம் அசைந்து, முதல் குமிழ் எழும் கணத்துக்கு ஜப்பானியர்கள் 'நியேபனா' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். மிசோவின் மணம் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. அதைத் தாண்டிக் கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடும். ரசம் நுரை கட்டி வரும்போது இறக்கு, கொதிக்கவிடாதே என்று அம்மா சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. என் கை அந்தக் கணத்தை முதல் நாளே கண்டுகொண்டது. மற்ற எல்லாவற்றுக்கும்தான் இரண்டு ஆண்டு ஆனது.

தனியாக இருப்பவர்கள், காலையில் ஓடுபவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டுப் பெருமூச்சு விட வேண்டாம். 12 கிராம் மிசோ, பொடித்த காய்ந்த காளான் அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை வகாமே சேர்த்து உருண்டையாக்கி உறைபதனப் பெட்டியில் வையுங்கள். உப்பு இருப்பதால் வீட்டுப் பெட்டியின் குளிரில் மிசோ கல்லாக இறுகாது. காலையில் ஓர் உருண்டை மேல் வெந்நீர் ஊற்றினால் போதும். புட்டித் தாஷியின் ஆழம் இதில் வராது. ஆனால் உள்ளே இருப்பது என்ன என்று நமக்குத் தெரியும். கடைப் பொட்டலத்தைவிட இதுவே மேல்.

சாறு இறங்கிய கொம்பையும் காளானையும் எறிந்துவிடாதீர்கள். மெல்லிய கீற்றாக நறுக்கி, சோயா சாஸ், சர்க்கரை, கொஞ்சம் நீர் விட்டு, சிறு தீயில் நீர் வற்றி மினுமினுக்கும் வரை விட்டு, எள் தூவி இறக்கினால் சுடுசோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு வாரம் வரும்.

இரண்டாவது குளிர்காலத்தின் முடிவில், சூப்பையும் அந்தத் தொட்டுக்கொள்ளும் பண்டத்தையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். பாட்டி கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோய் மணம் பார்த்தார். ஒரு மிடறு குடித்துவிட்டு, "ரௌசுக் கொம்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்ல உடம்புக்கு இது சரி. உடம்பு முடியாதவர்களுக்கு வைக்கும்போது ரிஷிரி போடுங்கள்" என்றார். மறுநாள் என் கிண்ணம் திரும்பி வந்தது. கொடுத்தனுப்பிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்ற வழக்கம் அவர்களுக்கும் உண்டு. உள்ளே மெல்லிய காகிதத்தில் சுற்றிய ரிஷிரிக் கொம்பு, என் உள்ளங்கை நீளத்துக்கு மூன்று துண்டுகள் இருந்தன.